பிடித்த ஜம்பிங் வம்சத்தில் புதிய குதிரை தேடுகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குதிரையில் ஏறித் தடைகளைத் தாண்டும் ஷோ ஜம்பிங் போட்டியில் ஒரே குதிரையோடு பல வருடம் கழித்தவர்களுக்கு, அது ஓய்வுக்குப் போகும் நேரத்தில் வரும் ஆசை ஒன்றுதான்: அதே ரத்தத்தில் இன்னொன்று வேண்டும். தேட ஆரம்பித்ததும் பெயர்கள், எழுத்துகள், எண்கள், விற்பவர்களின் பேச்சு எல்லாம் சேர்ந்து தலை சுற்றும். அந்தத் தேடலில் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

என் குதிரையின் அப்பா பெயரை வைத்துத் தேடத் தொடங்கிவிட்டேன். சரிதானே?

அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. பழைய குதிரையிடம் உங்களுக்கு எது பிடித்தது என்று ஒரு தாளில் எழுதுங்கள். "நன்றாகத் தாண்டும்" என்று எழுதினால் போதாது. தடைக்கு முன்னால் தானே காலடியைச் சரிசெய்துகொள்ளுமா? கம்பத்தில் குளம்பு பட்டால் அடுத்த தடையில் கூடுதலாக எழும்புமா? நீங்கள் தப்பான தூரத்தில் கொண்டுபோய் விட்டாலும் உங்களைக் காப்பாற்றுமா? புது மைதானத்தில் கொடியையும் கூட்டத்தையும் பார்த்து மிரளாமல் இருக்குமா? இவையெல்லாம் தனித்தனிக் குணங்கள். ஒன்று அப்பா கொடுத்திருக்கும், இன்னொன்று அம்மாவின் அப்பா கொடுத்திருக்கும், மூன்றாவது உங்கள் கையில் பழகியதால் வந்திருக்கும். பயிற்சியால் வந்ததை வம்சத்தில் தேடினால் கிடைக்காது.

எழுதி முடித்ததும், அதே அப்பாவின் மற்றக் குட்டிகளையும் அதே அம்மாவின் மற்றக் குட்டிகளையும் போட்டி வீடியோக்களில் பாருங்கள். உங்களுக்குப் பிடித்த குணம் அப்பாவின் குட்டிகளில் பரவலாகத் தெரிந்தால், அப்பா பெயரைப் பிடித்துக்கொண்டு போகலாம். அங்கே தெரியாமல் அம்மாவின் குட்டிகளில் தெரிந்தால், நீங்கள் இத்தனை நாள் தவறான பெயரை விரும்பியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். பெரும்பாலும் விடை தாய்வழியில்தான் கிடக்கிறது என்பது என் எண்ணம்.

விளம்பரத்தில் பெரிய பெயர் ஒன்று நான்காம் தலைமுறையில் வருகிறது. அதற்கு மதிப்பு உண்டா?

மிகக் குறைவு. அப்பா அம்மாவிடமிருந்து பாதிப் பாதி. தாத்தா பாட்டி ஒவ்வொருவரிடமிருந்தும் சராசரியாகக் கால் பங்கு. கொள்ளுத்தாத்தாவிடமிருந்து எட்டில் ஒன்று. நான்காம் தலைமுறையில் பதினாறில் ஒன்று. அதுவும் சராசரிதான், குறிப்பிட்ட ஒரு குட்டிக்கு இதைவிடக் குறையலாம், கூடலாம். தவிர, பிரான்சின் அல்மே (1966 பிறப்பு) போன்ற பொலிகுதிரைகளின் (இனப்பெருக்கத்துக்கான ஆண் குதிரைகளின்) பெயர்கள் இன்றைய ஜம்பிங் குதிரைகளில் ஏராளமானவற்றின் வம்சாவளியில் எங்கேனும் ஒரு மூலையில் இருக்கும். எல்லோரிடமும் இருக்கும் பெயருக்குத் தனி விலை கொடுக்காதீர்கள். மூன்று தலைமுறைக்குள் இருந்தால் பேசலாம்.

இன்று எந்தெந்த வம்சங்கள் ஜம்பிங்கில் நிற்கின்றன?

முழுப் பட்டியல் போட்டால் முடியாது. பெரிய கிளைகளைச் சொல்கிறேன்.

ஹோல்ஸ்டைன் என்ற ஜெர்மன் இனக் குதிரைகளை இன்றைய வடிவுக்குக் கொண்டுவந்ததில் வெளியிலிருந்து வந்த இரண்டு பொலிகுதிரைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. ஒன்று 1961-இல் பிறந்த லேடிகில்லர் என்ற தரோபிரெட் (பந்தயக் குதிரை இனம்). அதன் மகன்கள் லார்ட், லாண்ட்கிராஃப் வழியாக 'எல்' எழுத்தில் பெயர் தொடங்கும் கிளை வந்தது. இன்னொன்று 1968-இல் பிரான்சில் பிறந்த கோர் த லா பிரியேர். முதுகை வளைத்து, முன்கால்களை மடக்கித் தாண்டும் அழகுக்கு இனப்பெருக்கம் செய்பவர்கள் இன்றும் சொல்லும் பெயர் அது. இவற்றோடு 1975-இல் பிறந்த கேபிடால், அதன் மகன் கசினி.

பிரான்சின் பக்கம் அல்மே, அதன் மகன் கலுபே, கலுபேயின் மகன் பலுபே து ரூவே. 1998, 1999, 2000 என மூன்று வருடம் தொடர்ந்து உலகக் கோப்பை இறுதியைப் பிரேசில் வீரர் ரோட்ரிகோ பெசோவாவோடு வென்றது இந்தப் பலுபேதான். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் தனிநபர் தங்கமும் இந்த ஜோடிக்கே வந்தது. அல்மேயின் இன்னொரு மகன் ஜாலிஸ்கோ வழியாக கிடாம் த ரெவெல் வந்தது. டியமான் த செமியி வேறொரு பலமான பிரெஞ்சுக் கிளை.

பெல்ஜியத்தில் டார்கோ (1980). 2004, 2008 ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் தங்க அணியில் இருந்த சஃபையர் அதன் மகள். நெதர்லாந்தில் நிமர்டோர், அதன் மகன் ஹார்ட்பிரேக்கர். ஜெர்மனியின் சாக்கோ-புளூ 2012-இலேயே இறந்துவிட்டது. அதன் மகன் எக்ஸ்புளோஷன் டபிள்யூ டோக்கியோ ஒலிம்பிக்கில் பிரிட்டனின் பென் மேருக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்தது.

இந்தக் கிளைகள் எப்படிப் பின்னிக்கொள்கின்றன என்று பார்க்க 2024 பாரிஸ் தங்கக் குதிரை செக்கர் 47-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அப்பா கோம் இல் ஃபோ. கோம் இல் ஃபோவின் அப்பா கார்னெட் ஒபோலென்ஸ்கி. அங்கிருந்து கிளின்டன், கொராடோ என்று மேலே போனால் கோர் த லா பிரியேர். கார்னெட்டின் அம்மாவோ ஹார்ட்பிரேக்கரின் மகள். கோம் இல் ஃபோவின் அம்மா ராட்டினா இசட். ராட்டினாவின் அம்மா அல்மேயின் மகள். ஜெர்மனி, பிரான்ஸ், நெதர்லாந்து மூன்றும் ஒரே குதிரைக்குள். ஒற்றைப் பெயரைச் சொல்லி "இந்த வம்சம்" என்று முத்திரை குத்துவது ஏன் போதாது என்பது இங்கேயே தெரிந்துவிடும்.

தாய்வழிக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் கொடுக்கிறீர்கள்?

தாயைத் தண்ணீர்த் துறையில் பார்த்தால் மகளை வீட்டில் போய்ப் பார்க்க வேண்டாம் என்பார்கள். குதிரை விஷயத்தில் இதற்குக் கணக்கு ரீதியான காரணமே இருக்கிறது. பேர் பெற்ற பொலிகுதிரைக்கு நூற்றுக்கணக்கில், சிலவற்றுக்கு ஆயிரக்கணக்கில் குட்டிகள். அத்தனையில் பத்து இருபது மேல்மட்டத்தில் ஓடினால் பேர் நின்றுவிடும். மீதியைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். பெண் குதிரைக்கு இயற்கையாக வருடத்துக்கு ஒரு குட்டிதான், வாழ்நாளில் பத்துப் பன்னிரண்டு வந்தாலே அதிகம். அதில் மூன்று, வெவ்வேறு அப்பாக்களுக்குப் பிறந்தும் பெரிய தடைகளைத் தாண்டுகிறது என்றால், அது தற்செயலாக இருக்க வாய்ப்பில்லை.

குதிரைக்காரர்கள் வழக்கத்திலும் இது உண்டு. ஒரே அம்மாவுக்குப் பிறந்தவற்றைத்தான் அரைச் சகோதரம் என்பார்கள். அப்பா மட்டும் ஒன்றாக இருந்தால் அந்த உறவைச் சொல்வதில்லை. எனவே விற்பவர் "ஒலிம்பிக் குதிரையின் அரைத் தம்பி" என்றால் முதல் கேள்வி, அம்மா ஒன்றா என்பதுதான். ஹோல்ஸ்டைனில் தாய்வழிக் குடும்பங்களுக்கு எண்ணே கொடுத்து, தலைமுறை தலைமுறையாக அந்த எண்ணை வம்சாவளிச் சீட்டில் எழுதி வருகிறார்கள். உங்கள் பழைய குதிரை ஹோல்ஸ்டைன் என்றால் அந்த எண்ணை வைத்தே அதன் சித்தி பிள்ளைகளைத் தேடிப் பிடிக்கலாம். பேர் பெற்ற பொலிகுதிரையின் பின்னால் எல்லோரும் ஓடும்போது, இந்தப் பக்கம் நெரிசல் குறைவு.

பெயரைப் பார்த்தே வம்சம் கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவு முடியும். ஹோல்ஸ்டைனில் ஆண் குட்டிக்கு அப்பா பெயரின் முதல் எழுத்து. கேபிடாலின் மகன் கசினி என்பது ஆங்கில எழுத்தில் 'சி'யில் தொடங்குவது அதனால்தான். பிரான்சில் முதல் எழுத்து பிறந்த வருடத்தைச் சொல்லும்: 1988 'ஏ', 1989 'பி', 1991 'டி'. பலுபே 1989, டியமான் 1991, சரியாகப் பொருந்தும். கடைசி நான்கு எழுத்துகளை விட்டுவிட்டு 22 வருடத்துக்கு ஒருமுறை திரும்ப 'ஏ' வரும். பெயருக்குப் பின்னால் இரண்டு எக்ஸ் இருந்தால் தரோபிரெட். பின்னால் இசட் இருந்தால் பெரும்பாலும் பெல்ஜியத்தின் சாங்கர்ஷைடு இனப்பெருக்கப் பண்ணையோடு தொடர்பு. ரோமன் ஒன்று, இரண்டு என்று வந்தால் ஜெர்மன் வழக்கப்படி ஒரே அப்பா அம்மாவுக்குப் பிறந்த சகோதரர்கள்.

ஆனால் குதிரை கைமாறும்போது போட்டிப் பெயர் மாறலாம். புது உரிமையாளர் தன் நிறுவனப் பெயரை முன்னாலோ பின்னாலோ சேர்ப்பதும் உண்டு. பெயரை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள்.

அப்படியானால் வம்சத்தை எப்படி உறுதிசெய்வது?

குதிரையின் அடையாள ஆவணமான பாஸ்போர்ட்டை வாங்கி, அதில் உள்ள 15 இலக்க வாழ்நாள் எண்ணைப் பாருங்கள். கழுத்தில் இருக்கும் மைக்ரோசிப்பைக் கருவி வைத்துப் படிக்கச் சொல்லி, பாஸ்போர்ட்டில் உள்ள சிப் எண்ணோடு ஒப்பிடுங்கள். பிறகு அந்த வாழ்நாள் எண்ணைச் சொல்லி ஸ்டட்புக் (இனப் பதிவேடு) அலுவலகத்தில் நேரடியாகக் கேளுங்கள். அப்பா அம்மா மரபணுச் சோதனையில் உறுதியானதா என்று அவர்களால் சொல்ல முடியும். இல்லையென்றால் பிடரி மயிரை வேரோடு சில இழைகள் பிடுங்கி அனுப்பினால் போதும். இதற்குத் தயங்கும் விற்பனையாளரிடம் மேற்கொண்டு பேச வேண்டாம்.

அந்தப் பொலிகுதிரை இறந்துவிட்டது. இனி குட்டி கிடைக்காதா?

கிடைக்கலாம். உறைய வைத்த விந்து பல பத்தாண்டுகள் தாங்கும். கையிருப்பு குறைந்துவிட்டால், ஒரு முட்டைக்குள் ஒரே ஒரு விந்தணுவைச் செலுத்தும் இக்ஸி முறையில் சிறு துளியிலிருந்தே பல கருக்கள் உண்டாக்குகிறார்கள். குளோனும் உண்டு: ஜெம் ட்விஸ்ட் என்ற அமெரிக்கத் தரோபிரெட் காயடிக்கப்பட்டது, அதன் குளோன் 2008-இல் பிறந்து, பொலிகுதிரையாக அந்த ரத்தத்தைத் தொடர்ந்தது. 2012 முதல் சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு குளோன்களையும் போட்டிக்கு அனுமதிக்கிறது. என்னைக் கேட்டால், இறந்துபோன தாத்தாவின் விந்துக்குப் பெரிய தொகை கொடுப்பதைவிட, அதன் நல்ல மகள் ஒன்றுக்குப் பிறந்த குட்டியைத் தேடுவது புத்திசாலித்தனம்.

குட்டியாக வாங்குவதா, பழகிய குதிரையா?

பொறுமையும் இடமும் இருந்தால் குட்டி. ஆனால் குட்டியை வாங்கும்போது நீங்கள் வாங்குவது வம்சாவளியை மட்டும்தான். தாண்டுமா என்பதைப் பார்க்க வழியே இல்லை. மூன்று வயதில் ஆள் ஏறாமல் தாண்டவிட்டுப் பார்க்கலாம். நான்கில் சேணத்தோடு சிறு தடைகள். பெல்ஜியத்தின் லனாக்கனில் ஐந்து, ஆறு, ஏழு வயதுக் குதிரைகளுக்கு உலக அளவிலான போட்டியே நடக்கிறது. அந்த வயதில்தான் சுயரூபம் தெரிய ஆரம்பிக்கும். ஒலிம்பிக் ஜம்பிங்குக்கு ஒன்பது வயது ஆகியிருக்க வேண்டும் என்பதை வைத்தே, இந்த விலங்கு முழுசாகத் தயாராக எத்தனை காலம் ஆகும் என்று கணக்குப் போடலாம்.

வம்சத்தின் மேல் பிரியம் வைத்துத் தேடுபவர்களுக்கு ஐந்து, ஆறு வயது என் தேர்வு. குணம் வெளியே தெரிந்திருக்கும், அடிப்படையைக் கெடுத்திருக்கமாட்டார்கள், உங்களோடு வளர இன்னும் காலம் இருக்கும்.

நேரில் போகும்போது எதைப் பார்க்க வேண்டும்?

சொன்ன நேரத்துக்கு அரைமணி முன்னால் போய் நில்லுங்கள். குதிரை லாயத்தில் இருக்கிறதா, அல்லது ஏற்கெனவே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார்களா என்று தெரிந்துவிடும். சேணம் வைக்கும் இடத்தில் முடி ஈரமாகவோ, காய்ந்த வியர்வையில் ஒட்டிக்கொண்டோ இருந்தால் ஏன் என்று கேளுங்கள். லாயக் கதவின் மேல் விளிம்பு அரிபட்டு வழவழப்பாக இருந்தால், பல்லால் கவ்விக் காற்று விழுங்கும் பழக்கம் இருக்கலாம். நான்கு கால்களையும் முழங்காலிலிருந்து கீழே தடவிப் பாருங்கள். இடது வலது ஒரே சூடாக, ஒரே தடிமனாக இருக்க வேண்டும்.

அப்புறம் கெட்டித் தரையில் கயிற்றைத் தளர்த்திப் பிடித்து டிராட் (மிதமான துள்ளோட்டம்) ஓடவிடச் சொல்லி, கண்ணை மூடிக் கேளுங்கள். குளம்புச் சத்தம் சீராக விழ வேண்டும். நொண்டலைக் கண்ணுக்கு முன்னால் காது கண்டுபிடித்துவிடும்.

தாண்டவிடும்போது எல்லோரும் உயரத்தைப் பார்த்து வாய் பிளப்பார்கள். நீங்கள் தாண்டுவதற்கு முந்தைய இரண்டு காலடிகளைப் பாருங்கள். நல்ல குதிரை தடையைக் கண்டதும் காதை முன்னால் நீட்டி, தூரத்தை அளந்து, பின்கால்களை வயிற்றுக்கு அடியில் கொண்டுவரும். அவசரப்பட்டு ஓடிப்போய் விழுந்தடித்துத் தாண்டும் குதிரை 1 மீட்டரில் பிரமாதமாகத் தெரியும், தடை உயர உயரத் திணறும். எழும்பும் கணத்தில் முன்கால்களின் மேல்பகுதி தரைக்குக் கிடையாகவோ அதற்கு மேலேயோ வரவேண்டும். முட்டி கீழே தொங்கினால் அது ஆபத்து, கம்பத்தில் சிக்கிக் கவிழ்ந்துவிடலாம். ஒருமுறை கம்பத்தைத் தட்டிய பிறகு அடுத்த முறை என்ன செய்கிறது என்பதுதான் என் கணக்கில் மிகப் பெரிய விடை. கவனமான வம்சங்கள் இரண்டாம் முறை கால்களைக் கூடுதலாக இழுத்துக்கொள்ளும். எத்தனை முறை தட்டினாலும் கவலைப்படாத குதிரைக்குக் கவனத்தை யாராலும் கற்றுக்கொடுக்க முடியாது.

முடிந்தால் அம்மாவைக் காட்டச் சொல்லுங்கள். மேயும் இடத்தில் அது மனிதர்களிடம் எப்படி வருகிறது என்று பாருங்கள். குட்டி முதல் ஆறு மாதம் பக்கத்தில் நின்று பார்த்தது அந்த நடத்தையைத்தான்.

தூரத்தில் இருக்கிறது, வீடியோ மட்டும் அனுப்புகிறார்கள். போதுமா?

வெட்டி ஒட்டாத, ஒரே ஓட்டமாக எடுத்த வீடியோ கேளுங்கள். லாயத்திலிருந்து வெளியே வருவது, சேணம் கட்டுவது, ஏறுவது, தாண்டுவது எல்லாம் அதிலேயே இருக்க வேண்டும். முதல் வடிகட்டலுக்கு அது உதவும். கடைசி முடிவுக்கு நேரில் போய் நீங்களே ஏறிப் பார்த்தாக வேண்டும்.

சில வம்சங்கள் ரொம்பக் கூர்மை, எல்லோராலும் ஓட்ட முடியாது என்கிறார்கள். உண்மையா?

உண்மைதான். கவனமும் உணர்ச்சியும் பெரும்பாலும் ஒன்றாகவே வருகின்றன. கம்பத்தைத் தொட விரும்பாத குதிரை, சவாரிக்காரரின் கடினமான கையையும் விரும்பாது. உலகக் கோப்பையை மூன்று முறை வென்ற பலுபேயே, 2000 சிட்னி ஒலிம்பிக்கில் தாண்ட மறுத்து மறுத்துத் தனிநபர் இறுதியிலிருந்து வெளியேற்றப்பட்டது. நான்கு வருடம் கழித்து அதே குதிரைக்குத்தான் தங்கம்.

உங்கள் பழைய குதிரையைத் தொடங்கிய காலத்தில் உங்கள் உடம்பும் நேரமும் வேறு. வாரத்தில் மூன்று நாள் மட்டுமே ஓட்ட முடியும் என்றால், அதே வம்சத்தில் நிதானமான அம்மாவுக்குப் பிறந்ததைத் தேடுங்கள். இதில் கௌரவம் பார்க்காதீர்கள். தகுதிக்கு மீறிய குதிரை இரண்டு பேரையும் பயமுறுத்தும்.

மருத்துவப் பரிசோதனையில் எதை விடக்கூடாது?

மருத்துவர் உங்கள் ஆளாக இருக்க வேண்டும், விற்பவரின் வழக்கமான மருத்துவராக இருக்கக்கூடாது. கால்களை மடக்கிப் பிடித்து உடனே ஓடவிடும் சோதனை, கால் மூட்டுகளின் எக்ஸ்ரே, முதுகெலும்பின் எக்ஸ்ரே, இதயம், கண். உயரமான குதிரை என்றால் தொண்டையில் குழாய்க் கேமரா விட்டுப் பார்ப்பது நல்லது; குரல்வளை நரம்பு தளர்ந்து மூச்சு இரையும் கோளாறு பெரிய உடம்புகளில் அதிகம். ரத்தம் எடுத்துச் சில மாதம் பாதுகாத்து வைக்கச் சொல்லுங்கள். வலி மருந்து கொடுத்துக் காட்டினார்களா என்ற சந்தேகம் பின்னால் வந்தால் சோதிக்கலாம்.

இளம் வார்ம்பிளட் (ஹோல்ஸ்டைன் போன்ற விளையாட்டு இன) குதிரைகளில் மூட்டுக் குருத்தெலும்பு சரியாக எலும்பாகாமல் துண்டு பிரியும் ஓசிடி பரவலாக உண்டு, ஓரளவு பரம்பரையாகவும் வரும். ஏற்கெனவே அறுவை செய்து துண்டை எடுத்திருந்தால், எந்த மூட்டு, எந்த வயதில் என்று கேட்டு, பழைய எக்ஸ்ரேயை வாங்குங்கள். உடனே நிராகரிக்க வேண்டியதில்லை.

பெண் குதிரையை வாங்கிப் பின்னால் குட்டி எடுக்க நினைத்தால் டபிள்யூஎஃப்எஃப்எஸ் சோதனை கட்டாயம். தோலும் மூட்டும் ஒட்டாமல் குட்டி பிறந்து பிழைக்காமல் போகும் நோய் இது. இதன் மரபணுவில் ஒரு பிரதி மட்டும் சுமக்கும் குதிரைக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. சுமக்கும் இரண்டு குதிரைகளைச் சேர்த்தால் நான்கில் ஒரு வாய்ப்பு. மயிர் இழையிலேயே சோதித்துவிடலாம்.

அப்பா பக்கமும் அம்மா பக்கமும் ஒரே பெயர் வருகிறது. நல்லதா கெட்டதா?

நான்காம் ஐந்தாம் தலைமுறையில் என்றால் சாதாரணம். இரண்டாம் மூன்றாம் தலைமுறையிலேயே இருபக்கமும் வந்தால் நான் தயங்குவேன். பிடித்த குணம் இரட்டிப்பாவது போல, மறைந்திருக்கும் குறையும் இரட்டிப்பாகலாம்.

வம்சம் ஒன்றுமில்லாத குதிரை ஒன்று அற்புதமாகத் தாண்டுகிறது. விட்டுவிடவா?

ஏன் விட வேண்டும்? 1988 சியோல் தங்கம் வென்ற ஜாப்லூவின் அப்பா ஒரு டிராட்டர், வண்டி இழுத்து ஓடும் பந்தய இனம். உயரமும் 158 செ.மீ. சுமார்தான். 1968 மெக்சிகோவில் மரியன் கோக்ஸை வெள்ளி மேடைக்குத் தூக்கிச்சென்ற ஸ்ட்ரோலர் ஒரு மட்டக்குதிரை. வம்சம் எங்கே தேடினால் கிடைக்க வாய்ப்பு அதிகம் என்று சொல்லும். கண்ணெதிரே கிடைத்துவிட்டதை வம்சத்தைக் காரணம் காட்டித் தள்ளக்கூடாது.

என் பழைய குதிரையே பெண். அதனிடமே குட்டி எடுத்தால்?

உங்களுக்குப் பிடித்த ரத்தம் இதைவிட நெருக்கமாக வேறெங்கும் கிடைக்காது. முதலில் கால்நடை மருத்துவரிடம் கருப்பையைச் சோதியுங்கள். வயது ஏறிய முதல் பிரசவம் குதிரைக்குச் சுலபமில்லை; அந்த நிலையில் கருவை எடுத்து வேறொரு இளம் பெண் குதிரைக்கு மாற்றலாம். கரு தங்குவதே கஷ்டம் என்றால் முட்டையை எடுத்து இக்ஸி செய்யலாம்.

பொலிகுதிரையைத் தேர்வுசெய்யும்போது, தொடக்கத்தில் எழுதிய அந்தத் தாளில் உங்கள் குதிரையின் குறைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பின்பலம் குறைவா, கேன்டர் (நிதானப் பாய்ச்சல் ஓட்டம்) குறுகலா, சூடு அதிகமா? அதை ஈடுகட்டும் பொலிகுதிரைதான் வேண்டும். சினை சுமார் 11 மாதம். குட்டி பிறந்து மூன்று நான்கு வயதில் சேணம். இன்று முடிவெடுத்தால் நீங்கள் ஏறி உட்கார ஏறக்குறைய ஐந்து வருடம் ஆகும். அதுவரை ஓட்டுவதற்குப் பழகிய குதிரை ஒன்றைக் குத்தகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.